விடுவித்தருளும் என்பதோடு நிறுத்தவும்

வழிபாட்டுக் கருத்தரங்குக்கு வந்தவர்கள் கழுத்தில் மாட்டிக்கொள்ள ஆளுக்கொரு அட்டை கொடுத்தார்கள். ஜெபராணிக்குக் கொடுத்த அட்டையில் 'செபராணி, சூலூர்' என்று அச்சாகியிருந்தது. அவள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். தன்னைக் கத்தோலிக்கராகச் சேர்த்தது போதாது என்று தன் பெயரையும் சேர்த்துவிட்டார்கள் போலிருக்கிறது என்று நினைத்ததும் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள். சிரிக்கிற நாள் இல்லை அது.

அவள் பிறந்தது பெரியநாயக்கன்பாளையத்தில், சி.எஸ்.ஐ. என்கிற புராட்டஸ்டண்ட் சபைக் குடும்பத்தில். அங்கே ஜெபம், இங்கே கத்தோலிக்கக் கோயிலில் செபம். அங்கே கர்த்தர், இங்கே ஆண்டவர். அங்கே சங்கீதம், இங்கே திருப்பாடல். சாமி ஒன்றுதான், வேதமும் ஒன்றுதான், ஆனால் கல்யாணமாகி வந்த பெண் புது வீட்டில் எந்த டப்பாவில் எது இருக்கிறது என்று தேடுவதுபோல ஜெபராணி வருஷக்கணக்கில் வார்த்தைகளைத் தேடியிருக்கிறாள். சூலூரில் தறி வைத்திருந்த தேவானந்தத்தைக் கட்டிக்கொண்டு வந்தபோதே கத்தோலிக்கராகச் சேர்ந்துவிட்டாள். பங்குக் கோயிலில் அவளுடைய வயசுக்காரிகளுக்குப் பேரப்பிள்ளைகளே வந்தாகிவிட்டது. இன்னும் அவளுக்கு அங்கே 'அங்கிருந்து வந்தவங்க' என்றுதான் பெயர்.

அதெல்லாம் பழகிப்போன விஷயம். அதற்காக அவள் கோயமுத்தூருக்குப் பஸ் ஏறவில்லை. தேவானந்தத்துக்காக ஏறினாள்.

போன தீபாவளிக்கு முன்னால் தறிப்பட்டறையிலேயே விழுந்தவர் அவர். வலது கையும் காலும் போயின. பேச்சும் போயிற்று. 'அம்மணி' என்ற ஒரு வார்த்தையும் சில முனகல்களும்தான் மிச்சம். காய்ச்சல் என்றாலும் ஞாயிற்றுக்கிழமைப் பூசையை விடாத மனுஷன். இப்போது மாசத்தின் முதல் வெள்ளிக்கிழமை பங்குச்சாமியார் வந்து நற்கருணை அப்பம் கொடுத்தால்தான் உண்டு. சாமியாருக்கும் மூன்று கிளைக் கோயில்கள், ஒரே ஒரு பைக். மற்ற ஞாயிறுகளில் டிவியில் பூசை போட்டு விடுவாள் ஜெபராணி. டிவியில் நற்கருணை கொடுக்கிற நேரம் வந்ததும் தேவானந்தம் கட்டிலில் கிடந்தபடியே டிவியைப் பார்த்து வாயைத் திறப்பார். யாரும் எதுவும் வைக்காத வாய். கொஞ்ச நேரம் திறந்தே இருக்கும், பிறகு தானாக மூடிக்கொள்ளும். முதல் தடவை பார்த்தபோது அவள் அடுப்படிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள்.

சாமியார் அல்லாத பொதுநிலையினரும் நோயாளிகளுக்கு நற்கருணை கொண்டுபோகலாம், மறைமாவட்டத்தில் பயிற்சி எடுத்து அனுமதி வாங்க வேண்டும் என்று தெரிந்ததும் சாமியாரிடம் போய் நின்றாள். சாமியார் பங்குப் பேரவையில் வைத்தார். அங்கேதான் செயலாளர் வின்ஸ்டன் வாயைத் திறந்தார். தறிக்கு உதிரிப் பாகம் விற்கிற கடைக்காரர். குரலை உயர்த்தத் தெரியாதவர், அதனாலேயே அவர் சொன்னது எல்லாரிடமும் எடுபடும்.

"அக்கா தங்கமானவங்க, நா ஒண்ணுஞ் சொல்லலீங்க. ஆனா அங்கிருந்து வந்தவங்க. நாக்கு ஒரு நேரமில்லாட்டி ஒரு நேரம் காட்டிக்குடுத்துப்போடும். நற்கருணையைக் கையில வெச்சுக்கிட்டு அப்படி ஆயிருச்சுன்னா யாருங்க பதில் சொல்றது?"

யாரும் மறுத்துப் பேசவில்லை. சாமியார் மட்டும், "போய்ப் பயிற்சி எடுத்துட்டு வரட்டும், அங்க இருக்கறவங்களே முடிவு பண்ணட்டும்" என்றார். வின்ஸ்டனும் பயிற்சிக்குப் பெயர் கொடுத்தார். ஆக இருவரும் ஒரே பஸ்ஸில் வந்து, ஒரே மண்டபத்தில், இரண்டு வரிசை தள்ளி உட்கார்ந்திருந்தார்கள்.

காலையில் ஃபாதர் இஞ்ஞாசி பேசினார். வழிபாட்டுப் பணிக்குழுவுக்கு அவர்தான் பொறுப்பு. ஒல்லியான உடம்பு, மூக்கு நுனியில் கண்ணாடி. நல்ல மனுஷர்தான், ஆனால் வழிபாட்டு நூலில் ஒரு புள்ளி நகர்ந்தாலும் பொறுக்கமாட்டார்.

"இது நம்ம வீட்டுச் சமையல் இல்ல. திருச்சபையோட பந்தி. உங்க கைக்கு வந்தபடி உப்பு போடக் கூடாது. ஒரு ஊர்ல நற்கருணை கொடுக்கிறப்ப 'நல்லா இருங்க'ன்னு சேர்த்துச் சொல்றாராம் ஒருத்தர். நல்ல எண்ணம்தான். சொந்தச் சரக்கு. வேண்டாம்."

மண்டபம் சிரித்தது. ஜெபராணி சிரிக்கவில்லை. மத்தியானம் ஒவ்வொருவரும் எல்லார் முன்னாலும் நோயாளி சந்திப்புச் சடங்கை நடத்திக் காட்ட வேண்டும், தவறு செய்கிறவர்கள் அடுத்த வருஷம் மறுபடி வர வேண்டும் என்று ஃபாதர் அறிவித்தார். அடுத்த வருஷமா? அவள் கணக்குப் போட்டாள். அதற்குள் எத்தனை ஞாயிறுகள், எத்தனை தடவை அந்த வாய் சும்மா திறந்து மூடும்.

சாப்பாட்டு நேரத்தில் பக்கத்து வீட்டுச் சண்முகப்ரியாவுக்குப் போன் போட்டாள். அவளை நம்பித்தான் தேவானந்தத்தை விட்டுவிட்டு வந்திருந்தாள்.

"அண்ணன் ரசஞ்சோறு சாப்ட்டாருங்கக்கா. இப்பத்தான் கண்ணு அசந்தாரு. நீங்க பதறாம இருங்க."

பதறாமல் இருப்பது அவ்வளவு சுலபமா? எதிரில் தட்டோடு வந்து உட்கார்ந்தார் வின்ஸ்டன். "பயமா இருக்குதுங்களாக்கா?" என்று கேட்டார். கிண்டலா அக்கறையா என்று கண்டுபிடிக்க முடியாத குரல்.

"இல்லீங்க தம்பி" என்றாள். தயிர்சாதத்தைப் பிசைந்துகொண்டே இருந்தாள்.

அவள் முறை வந்தபோது மண்டபத்தில் பாதிப் பேர் சாப்பாட்டு மயக்கத்தில் இருந்தார்கள். மேடையில் ஒரு பெஞ்சு, அதுதான் கட்டில். நோயாளியாகப் படுக்க ஒரு ஆள் வேண்டும். ஃபாதர் இஞ்ஞாசி சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, "நீங்க ரெண்டு பேரும் ஒரே பங்குதானே? வாங்க, நீங்களே படுங்க" என்று வின்ஸ்டனைக் கைகாட்டினார்.

வின்ஸ்டன் செருப்பைக் கழற்றிவிட்டு ஏறிப் படுத்தார். பெஞ்சு முனகியது. சிலர் சிரித்தார்கள். அவர் நோயாளி மாதிரியே கண்ணை மூடிக்கொண்டார். அவருக்கும் பயிற்சி முடிய வேண்டுமே.

ஜெபராணி தொடங்கினாள். சமாதான வாழ்த்து பிசகவில்லை. பாவ அறிக்கை பிசகவில்லை. வாசகத்தில் ஒரு சொல்கூடத் தடுக்கவில்லை. ஒரு மாசமாகக் குழம்பு கொதிக்கிற நேரமெல்லாம் முணுமுணுத்த பாடம். ஃபாதர் இஞ்ஞாசி தலையசைப்பது ஓரக்கண்ணில் தெரிந்தது. ஆண்டவர் கற்றுத்தந்த செபத்துக்கு வந்தாள். மண்டபம் முழுவதும் எழுந்து கூடவே சொன்னது. படுத்திருக்கிறவர் பக்கத்தில் குனிந்து நின்றவள், தன்னை அறியாமல் அவருடைய வலது கையை எடுத்துத் தன் இரண்டு கைகளுக்குள் வைத்துக்கொண்டாள்.

அங்கேதான் மோசம் போனாள்.

"தீமையிலிருந்து எங்களை விடுவித்தருளும்" என்று மண்டபம் சொல்லி முடித்து நிறுத்தியது. கத்தோலிக்கர்கள் அந்த இடத்தில் நிறுத்துவார்கள். பிறந்ததிலிருந்து நிறுத்திப் பழகியவர்கள். அந்த நிசப்தத்தில் மைக் வழியாக ஒரே ஒரு குரல் மேலே போயிற்று.

"ராஜ்யமும் வல்லமையும் மகிமையும் என்றென்றைக்கும் உம்முடையவைகளே. ஆமென்."

சொல்லி முடித்த பிறகுதான் அது தன் குரல் என்று அவளுக்கு உறைத்தது. பின்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். வின்ஸ்டன் கண்ணைத் திறந்து அவளையே பார்த்தார். நாக்கு காட்டிக்கொடுத்துவிட்டது. அவர் பேரவையில் சொன்னது நடந்துவிட்டது, அதுவும் அவள் அவர் கையைப் பிடித்துக்கொண்டிருந்தபோதே.

அது எங்கிருந்து வந்தது என்று அவளுக்குத் தெரியும். அவள் பிறந்த சபையில் அந்த வரியோடுதான் ஜெபம் முடியும். கல்யாணமான புதிதில் ராத்திரி செபத்திலும் அவள் இப்படித்தான் அதை வாலாகச் சேர்த்துக்கொண்டிருந்தாள். தேவானந்தம் திட்டவில்லை. "என் பங்கு முடிஞ்சுது, உன் பங்கையும் சொல்லிப்போடு அம்மணி" என்று சிரித்தார். அதுவே வீட்டு வழக்கமாகிவிட்டது. அவர் 'விடுவித்தருளும்' என்பதோடு நிறுத்துவார், அவள் தன் வரியைச் சொல்வாள், அவர் கேட்டுக்கொண்டிருப்பார். கோயிலில் ஒரு நாளும் அவள் வாய் தவறியதில்லை. கோயிலில் நிற்கும்போது கோயில் செபம், வீட்டில் வீட்டுச் செபம். அவர் விழுந்த பிறகு இருவர் பங்கையும் அவளே சொல்கிறாள், உணர்வற்ற அந்த வலது கையைப் பிடித்துக்கொண்டு. இப்போது கண்ணெதிரில் ஒருவர் படுத்திருக்க, அவர் வலது கையைப் பிடித்ததும், நாக்கு வீட்டுக்குப் போய்விட்டது. அதைப் போய் யாரிடம் சொல்வது?

ஃபாதர் இஞ்ஞாசி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவள் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். மெதுவாகச் சொன்னார்: "பரவாயில்ல. பூசையில கொஞ்சம் தள்ளி இதே மாதிரி ஒரு பதில் வருது. அதை இங்க சேர்த்துட்டீங்க. பதட்டத்துல வர்றதுதான். அப்படித்தானேம்மா?"

கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்கிறார் மனுஷன். ஆமாங்க என்று தலையாட்டினால் போதும். அவள் தலையும் ஆடத்தான் போயிற்று. ஆனால் பூசையில் வருவது 'ஆட்சியும்'. அவள் சொன்னது 'ராஜ்யமும்'. அது ஃபாதருக்குத் தெரியும், வின்ஸ்டனுக்குத் தெரியும், அந்த மண்டபத்தில் இருந்த எல்லாருக்கும் தெரியும். பொய் சொல்லி வாங்கிய அனுமதியோடு நற்கருணையைத் தூக்கிக்கொண்டு தேவானந்தத்தின் முன்னால் போய் நிற்க வேண்டும். ஆடப்போன தலையை நிறுத்திக்கொண்டாள்.

"இல்லீங்க ஃபாதர்" என்றாள். "பதட்டமில்லீங்க. நா சி.எஸ்.ஐ.லிருந்து வந்தவ. எங்கூட்டுக்காரரு படுக்கையில இருக்காருங்க. தெனமும் அவருக்குச் செபம் சொல்றப்ப கடைசில அதையும் சொல்லுவனுங்க. அவருதான் சொல்லச் சொன்னாரு, நல்லா இருந்த காலத்துல. கையப் புடிச்சதும் அது வந்துபோச்சுங்க."

மண்டபத்தில் மயக்கம் தெளிந்துவிட்டது. ஃபாதர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார்.

"வீட்டுச் செபத்துல நீங்க என்ன வேணாலும் சொல்லுங்க. அதைக் கேக்க எனக்கு உரிமையில்ல. ஆனா நற்கருணையோட போறப்ப நீங்க அவரோட மனைவியா மட்டும் போகல. திருச்சபை உங்களை அனுப்புது. அப்ப அந்த வரியை விட்டுருவீங்களா?"

அத்தனை பேர் முன்னால் கேட்டார். ஜெபராணிக்கு அந்த மனுஷர் மேல் கோபம் வந்தது. ஒரு வரி. யாருக்கும் கெடுதல் செய்யாத வரி. ஆனால் டிவியைப் பார்த்துத் திறந்த வாய் ஞாபகம் வந்தது. கோபத்தை விழுங்கினாள்.

"விட்டர்றேனுங்க."

"நோயாளி என்ன சொல்றீங்க?" என்று வின்ஸ்டனைப் பார்த்துக் கேட்டார் ஃபாதர். மண்டபம் சிரிக்கத் தயாராக இருந்தது. வின்ஸ்டன் எழுந்து உட்கார்ந்து, வேட்டியைச் சரிசெய்துகொண்டு, வழக்கமான தணிந்த குரலில் சொன்னார்: "சொல்றது சுலபமுங்க ஃபாதர். அந்த நேரத்துல பக்கத்துல இருந்து பாத்தாத்தான் தெரியுமுங்க."

"சரி. முதல் ஞாயிறு நீங்களே கூடப் போங்க. சொன்னபடி செஞ்சா அனுமதி. சேர்த்துச் சொன்னா அன்னிக்கோட நிறுத்திக்கலாம். அடுத்த வருஷம் பாப்போம்."

திரும்பும் பஸ்ஸிலும் இருவரும் ஒன்றாகத்தான் வந்தார்கள். ஜெபராணி ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தாள். பேசினால் அழுதுவிடுவாள், அந்த ஆள் முன்னால் அழுவதற்கு அவளுக்கு விருப்பமில்லை. இறங்கும்போது வின்ஸ்டன், "ஞாயித்துக்கெழமை பூசை முடிஞ்சதும் வாரேனுங்க" என்று மட்டும் சொன்னார்.

சனிக்கிழமை தேவானந்தத்தின் தலைமாட்டில் உட்கார்ந்து விஷயத்தைச் சொன்னாள். "நாளைக்கு என் பங்கு கெடையாதுங்க. உங்க பங்கு மட்டுந்தான். தெரிஞ்சுதுங்களா? பொறவு ராத்திரி செபத்துல சொல்லிக்கலாம்." அவர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். "அம்மணி" என்றார். புரிந்ததா இல்லையா என்று அவளால் கண்டுபிடிக்க முடியவில்லை.

ஞாயிறு பூசை முடிந்ததும் சாமியார் ஒரு சின்ன வெள்ளிச் சிமிழில் நற்கருணையை வைத்து, சிமிழைத் துணிப்பையில் போட்டு, அவள் கழுத்தில் மாட்டிவிட்டார். தெருவில் யாரிடமும் பேசாமல் நடந்தாள். தறிச் சத்தம் இல்லாத ஞாயிற்றுத் தெரு. பின்னால் நாலு எட்டு தள்ளி வின்ஸ்டன் நடந்து வந்தார்.

சண்முகப்ரியா தேவானந்தத்துக்கு முகம் துடைத்து, வெள்ளைச் சட்டை போட்டு, தலையணை வைத்துச் சாய்த்து உட்காரவைத்திருந்தாள். டிவி அணைந்திருந்தது. மேசையில் வெள்ளைத் துணி, மெழுகுவர்த்தி, ஒரு டம்ளர் தண்ணீர், ஒரு கரண்டி. வின்ஸ்டன் நிலைப்படியருகே கைகட்டி நின்றார்.

எல்லாம் பாடம் செய்தபடி நடந்தது. வாசகம் படித்தாள். செபம் தொடங்கினாள். வின்ஸ்டனும் கூடச் சொன்னார். தேவானந்தத்தின் கையைப் பிடிக்கக் கூடாது என்று தன் இரண்டு கைகளையும் இறுக்கிக் கூப்பி வைத்திருந்தாள். தீமையிலிருந்து எங்களை விடுவித்தருளும்.

நிறுத்தினாள். பல்லைக் கடித்து நிறுத்தினாள். தேவானந்தம் அவள் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

சிமிழைத் திறந்து, விழுங்குவதற்குத் தோதாக ஒரு சின்னத் துண்டை எடுத்தாள். சொல்ல வேண்டியதைச் சொன்னாள். துண்டை அவர் வாயருகே கொண்டுபோனாள்.

"கிறிஸ்துவின் உடல்."

வாய் திறக்கவில்லை.

இன்னொரு தடவை சொன்னாள். திறக்கவில்லை. டிவியைப் பார்த்துத் திறந்த வாய், நிஜமாகவே கொண்டுவந்து நீட்டும்போது இறுக மூடிக்கொண்டிருந்தது. அவர் கண் அவள் உதட்டை விட்டு நகரவில்லை. அவருக்குச் செபம் இன்னும் முடியவில்லை. அவள் பங்கு பாக்கியிருந்தது.

"தொண்டையில ஏதாச்சும் பண்ணுதுங்களா அண்ணனுக்கு?" என்றார் வின்ஸ்டன். ஒரே ஒரு வரி. உதட்டுக்குள் முணுமுணுத்தால் போதும், இவர் வாய் திறந்துவிடும். சொன்னால் இன்றோடு சரி, நிலைப்படியில் நிற்கிறவர் கேட்டுவிடுவார். சொல்லாவிட்டால் நற்கருணையைத் திரும்பக் கோயிலுக்கே கொண்டுபோக வேண்டும். துண்டைப் பிடித்திருந்த விரல்கள் வலித்தன. இந்த மனுஷன் ஒருவருக்காகத்தானே இத்தனையும், இவரே இப்படிப் பண்ணுகிறாரே என்று ஆற்றாமையாக வந்தது. கண்ணீர் கன்னத்தில் இறங்கியது. துடைக்கக் கை இல்லை. வாயைத் திறக்கவில்லை அவள்.

"ரா" என்றார் தேவானந்தம்.

அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"ரா... ராச்சியமும்." கோணிய உதட்டின் ஓரம் எச்சில் வழிந்தது. கழுத்து நரம்பு புடைத்தது. தறிப்பட்டறையில் விழுந்த நாளிலிருந்து 'அம்மணி' தவிர வேறு வார்த்தை வராத வாய். "வல்ல... மையும்." மூச்சு வாங்கினார். அவள் உதவவில்லை, உதவக் கூடாது. எத்தனையோ வருஷமாகக் கேட்டுக்கொண்டே இருந்த வரியை, ஒரு நாளும் தன் வாயால் சொல்லாத வரியை, ஒவ்வொரு வார்த்தையாகப் பிடுங்கி எடுத்துக்கொண்டிருந்தார். மகிமை பாதிதான் வந்தது. கடைசி வார்த்தை வார்த்தையாகவே இல்லை. "ஆமென்" மட்டும் தெளிவாக வந்தது.

அப்புறம் வாயைத் திறந்தார்.

அவள் துண்டை நாக்கில் வைத்தாள். கரண்டியில் தண்ணீர் கொடுத்தாள். அவர் விழுங்கும் வரை தொண்டையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். விழுங்கினார். மீதிச் செபத்தை எப்படிச் சொல்லி முடித்தாள் என்று அவளுக்கே தெரியாது.

வெளியே வந்து வின்ஸ்டன் செருப்பை மாட்டினார், கழற்றினார், மறுபடி மாட்டினார். கண்ணெல்லாம் சிவந்திருந்தது.

"ஏனுங்கக்கா, நா ஃபாதர்கிட்டப் போயி என்னன்னுங்க சொல்லோணும்?"

ஜெபராணி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"பாத்தத அப்படியே சொல்லுங்க தம்பி. நா உட்டுட்டனுங்க. அவருதான் உடலீங்க."